சூடும் நேரமும்: இறைச்சிக் கடை, உணவகம், சட்டம்

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள் தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பச்சை முட்டையைக் கொண்டு செய்யப்படும் 'மயோனைஸ்' என்னும் தொடுகறியை ஓராண்டுக் காலத்துக்கு எவரும் தயாரிக்கவோ, இருப்பு வைக்கவோ, விற்கவோ கூடாது என்பது அந்த ஆணை. செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. நாட்டில் தடை செய்ய வேறு பொருளா கிடைக்கவில்லை என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் அந்த வெள்ளை விழுதின் பின்னே சில இளம் பிள்ளைகளின் சாவு இருக்கிறது. மாலை வேளையில் கல்லூரி வாயிலைத் தாண்டியதும் ஷவர்மாக் கடையை நோக்கி நடக்கும் நம் போன்றோர், அந்த ஆணை ஏன் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் உள்ள சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று அறிந்துகொள்வது நல்லது.

இறைச்சியைப் பற்றிய செய்திகள் நம் நாளேடுகளில் இடம்பெறாத நாளில்லை. ஆனால் பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் வேறு வகையானவை. 2017 மே 23-ஆம் நாள் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. இறைச்சிக்காக மாடுகளைச் சந்தையில் விற்பதற்கு அவை தடை விதித்தன. ஒரு வாரத்துக்குள், மே 30-ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை வழங்கியது. ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும் யாத்திரை செல்லும் வழியிலுள்ள உணவுக் கடைகள் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட, அதையும் உச்ச நீதிமன்றம் அம்மாதம் 22-ஆம் நாள் நிறுத்தி வைத்தது. இவை சிறிய செய்திகள் என்று நான் சொல்ல வரவில்லை. எதை உண்பது, யாரிடம் வாங்கி உண்பது என்பது மனிதனின் உரிமையோடு ஒட்டிய கேள்வி. ஆனால் இந்தக் கூச்சலில் இன்னொரு வகை விதி எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. எந்த இறைச்சி என்றோ, யாருடைய கடை என்றோ அந்த விதி கேட்பதில்லை. எவ்வளவு சூட்டில் வெந்தது, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்ற இரண்டை மட்டுமே அது கேட்கிறது. உயிரைக் காப்பதும் போக்குவதும் அந்த இரண்டுதான். ஆகவே இக்கட்டுரை அந்த இரண்டையே பற்றிச் செல்லும்.

நடந்தவை

2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் செறுவத்தூர் என்னும் ஊரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்தார். ஐம்பது பேருக்கு மேல் நோயுற்றனர். கடையில் எடுத்த மாதிரிகளில் சால்மோனெல்லா, ஷிகெல்லா என்னும் இருவகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன. அதே மாதத்தில் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் மூவர் ஷவர்மா உண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். விலங்கின் நோய்களைப் படிக்கும் மாணவர்களுக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. 2023 ஜனவரியில் கேரளத்தில் மீண்டும் பல இடங்களில் உணவு நஞ்சாயிற்று. அம்மாதமே அம்மாநில அரசு பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது.

2023 செப்டம்பரில் நாமக்கல். ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். நாற்பது பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். மாவட்ட ஆட்சியர் அம்மாவட்டத்தில் ஷவர்மாவுக்கும் கிரில் கோழிக்கும் தற்காலிகத் தடை விதித்தார். நாமக்கல் என்றாலே முட்டை; நாட்டின் பல பகுதிகளுக்கும் கடல் கடந்தும் முட்டை அனுப்பும் ஊர் அது. கோழியை இத்தனை நன்றாக அறிந்த ஊரில் இப்படி நடந்தது என்பதை எண்ணினால், இது கோழியைப் பற்றிய அறியாமையால் வந்த கேடன்று என்பது புலப்படும்.

2024 அக்டோபரில் ஐதராபாத்தில் 'மோமோ' என்னும் கொழுக்கட்டையை மயோனைஸோடு உண்ட பெண்மணி ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றனர். தெலங்கானா அரசு உடனே ஓராண்டுத் தடை விதித்தது. அதன் பின்னரே நம் மாநிலத்தின் ஆணை வந்தது.

இவற்றைக் கண்டு, ஷவர்மா நம் மண்ணின் உணவன்று, அதனால்தான் இந்தக் கேடு என்று பேசுவோர் இருக்கின்றனர். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஷவர்மா என்ற சொல்லே 'சுழற்றுதல்' என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. துருக்கியிலும் அரபு நாடுகளிலும் வெயிலுக்குக் குறைவில்லை. அங்கும் அதை மக்கள் தலைமுறைகளாக உண்கின்றனர். மண் மாறியதில் குற்றமில்லை. குற்றம் எங்கே என்பதை அந்தச் சுழலும் கம்பியின் அருகில் சற்று நின்று பார்த்தால் தெரியும்.

கம்பியில் நடப்பது

எலும்பு நீக்கி மசாலா தடவிய கோழித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் கோத்துக் கூம்பு போல் அடுக்குகின்றனர். பக்கவாட்டில் அடுப்பு எரிகிறது. கூம்பு சுழலச் சுழல வெளிப்புறம் வேகிறது. வெந்த மேற்பரப்பைக் கத்தியால் சீவி எடுத்தபின் அடுத்த அடுக்கு நெருப்பின் முகத்துக்கு வருகிறது. முறைப்படி செய்தால் இது நல்ல முறைதான். ஆனால் உட்புறம் எப்போதும் பச்சையாகவே இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. நெருப்பின் வெம்மை உள்ளே முழுதும் செல்வதில்லை. வெதுவெதுப்பாக மட்டும் செல்கிறது. அந்த வெதுவெதுப்பு நுண்ணுயிர்களுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தது போல.

கூட்டம் மிகுதியாக வந்தால் என்ன ஆகிறது? வெளிப்புறம் வேகும் வரை காத்திருக்கப் பொறுமையில்லை. கத்தி ஆழமாகப் போகிறது. அரைவேக்காட்டுத் துண்டும் சேர்ந்து விழுகிறது. கூட்டம் இல்லாவிட்டாலோ எரிவாயுவை மிச்சப்படுத்த அடுப்பைத் தணித்துவிடுகின்றனர். கூம்பு சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் மணிக்கணக்காக நிற்கிறது. இரவு மிஞ்சியது மறுநாள் புதுக் கூம்பின் அடியில் போய்ச் சேருவதும் உண்டு. இந்த மூன்றில் எதுவும் சமையல் தெரியாததால் நடப்பதில்லை. மூன்றும் வியாபாரத்தின் அவசரத்தால் நடப்பவை.

நுண்ணுயிரின் பெருக்கம் எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். வாய்ப்பான வெப்பத்தில் ஒரு பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. மாலை 4 மணிக்கு ஒன்றே ஒன்று இருந்ததாகக் கொள்வோம். மணிக்கு மூன்று முறை இரட்டிக்கிறது. 7 மணி நேரத்தில் 21 முறை. இரவு 11 மணிக்கு அது 20 இலட்சத்து 97 ஆயிரத்து 152 ஆகிவிடும். ஒன்றே ஒன்றாக எந்த இறைச்சித் துண்டிலும் அது இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவேதான் விதி 5 பாகை செல்சியஸ் என்றும் 60 பாகை செல்சியஸ் என்றும் இரண்டு எல்லைகளை வகுக்கிறது. குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மேல் ஏறக்கூடாது. சூடான உணவு 60 பாகைக்குக் கீழ் இறங்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ளது அபாய மண்டலம். நம் ஊர் வெயில் ஆண்டு முழுவதும் அந்த மண்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. சமைக்கும்போது இறைச்சியின் நடுப்பகுதி 65 பாகையில் 10 நிமிடமோ, 70 பாகையில் 2 நிமிடமோ, 75 பாகையில் 15 நொடியோ இருந்தாக வேண்டும். சூடு ஏறினால் நேரம் குறையும். சூடு குறைந்தால் நேரம் ஏற வேண்டும். சூடும் நேரமும் ஒன்றுக்கொன்று ஈடு.

'எதற்கும் ஒருமுறை சுட வைத்துத் தின்றால் போதும்' என்று விடுதிகளில் சொல்லும் வழக்கம் உண்டு. அது பாதி உண்மை. சால்மோனெல்லா சூட்டில் மடியும். ஆனால் 'ஸ்டஃபிலோகாக்கஸ்' என்னும் கிருமி உணவில் கக்கிவிட்ட நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. பிரியாணியிலும் வறுத்த சோற்றிலும் வரும் 'பாசில்லஸ் சீரியஸ்' என்பதன் வித்துக்கள் கொதிநீரையும் தாங்கி நிற்கும். சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். காலையில் வடித்ததை மாலையில் தாளித்துக் கொடுக்கும் கடைகளில் இதுவே ஆபத்து.

இனி மயோனைஸ். எண்ணெயும் நீரும் கலவா. முட்டையின் மஞ்சட்கருவில் உள்ள 'லெசித்தின்' அவற்றை இணைத்து வைக்கிறது. எனவே முட்டை அதில் தவிர்க்க முடியாத பொருளாயிற்று. அதை அடித்துக் கலக்குகிறார்களேயன்றி அடுப்பில் ஏற்றுவதில்லை. முட்டை ஓட்டின் மேலும், சில வேளை கருவின் உள்ளேயும், சால்மோனெல்லா இருக்கக்கூடும். போதிய வினிகர் சேர்த்தால் புளிப்பு அதைக் கட்டுப்படுத்தும். நம் ஊர் நாவுக்குப் புளிப்பு மிகுந்தால் பிடிப்பதில்லை என்பதால் அதையும் குறைத்துவிடுகின்றனர். பிறகு அகன்ற கிண்ணத்தில் ஊற்றிக் கல்லாப்பெட்டியின் பக்கத்தில் வைத்து மாலை முழுவதும் ஒரே கரண்டியால் எடுத்துத் தடவுகின்றனர். வெந்த இறைச்சிமேல் வேகாத முட்டையைத் தடவுவதால் வேகவைத்த பயனும் போய்விடுகிறது. முட்டையைச் சுமார் 60 பாகையில் சில நிமிடம் வைத்து நுண்ணுயிர் நீக்கிய பின் மயோனைஸ் செய்யலாம். முட்டையே சேராமலும் செய்யலாம். அவற்றுக்குத் தடையில்லை. தமிழக ஆணை விலக்கியது பச்சை முட்டையை மட்டுமே.

சட்டத்தின் கை

உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-இல் வந்தது. இறைச்சிப் பொருள்களுக்கென 1973-இல் தனி ஆணை வந்தது. இப்படிப் பல துறைகளில் சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்து 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டத்தின் நோக்கம் கலப்படக்காரனைப் பிடிப்பது. புதிய சட்டமோ, கலப்படமே இல்லாத தூய கோழியும் மனிதனைக் கொல்லக்கூடும் என்பதை உணர்ந்து எழுதப்பட்டது. 2011 ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையில் அறுப்பகம், இறைச்சிக் கடை, உணவகம் ஆகியவற்றின் தரை, தண்ணீர், கத்தி, குளிர்பெட்டி, பணியாளரின் நகம் வரை அத்தனையும் எழுதப்பட்டுள்ளன.

மயோனைஸ் தடைக்குப் பயன்பட்டது 30-ஆம் பிரிவு. மக்கள் நலன் கருதி ஓர் உணவை மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் தடை செய்யலாம். ஆனால் ஓராண்டுக்கு மேற்படாத காலத்துக்கு. இந்த 'ஓராண்டு' என்பதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழகத்தில் 2013 முதல் குட்கா இதே பிரிவின்கீழ் ஆண்டுதோறும் தடை செய்யப்பட்டு வந்தது. அவசரத்துக்கென அளித்த அதிகாரத்தை ஆண்டுக்காண்டு நீட்டி நிலையான தடையாக்க முடியாது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதை நீக்கியது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தற்காலிகத் தடை என்பது மூச்சு வாங்க அவகாசம். அந்த அவகாசத்துக்குள் நிலையான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்பதே இச்சட்டத்தின் எண்ணம் என்று நான் கருதுகிறேன்.

தண்டனைகள் கடுமையானவை. கேடான உணவால் ஒருவர் இறந்தால், விற்றவருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. ஆயுள் வரையும் நீளலாம். அபராதம் 10 இலட்ச ரூபாய்க்குக் குறையாது. இறந்தவரின் குடும்பத்துக்குக் குறைந்தது 5 இலட்ச ரூபாய் இழப்பீடு என்கிறது 65-ஆம் பிரிவு. படிக்கும்போது மலைப்பாக இருக்கிறது. ஆனால் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டுமே! நோய் தெரிவதற்கு 6 மணி முதல் 72 மணி வரை ஆகும். அதற்குள் அன்றைய கூம்பு தீர்ந்துவிடும், கிண்ணம் கழுவப்பட்டுவிடும். அதிகாரி வந்து எடுக்கும் மாதிரி வேறொரு நாளின் மாதிரி. பகுப்பாய்வாளர் அறிக்கை தர 14 நாள் அவகாசம். கிண்டி, மதுரை, கோவை, சேலம், தஞ்சை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன. அவற்றுக்கு மாதிரி குளிர்ச்சி கெடாமல் போய்ச் சேர வேண்டும். ஆகவே நடந்தபின் தண்டிக்கும் பிரிவுகளைவிட, நடக்குமுன் தடுக்கும் அந்த 5-உம் 60-உம் எவ்வளவோ வலிமையுள்ளவை. ஒரு வெப்பமானியின் விலை எந்த உணவகத்துக்கும் பாரமாகாது. ஆயினும் எத்தனை கடைகளில் அதைக் கண்டிருக்கிறோம்?

அறுப்பகத்தில்

ஆடு மாடுகளின் அறுப்பகத்துக்கு 2001-ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. உரிமம் பெற்ற அறுப்பகத்தில் அன்றி நகராட்சி எல்லைக்குள் அறுக்கக் கூடாது. சினைப்பட்டதையும், மூன்று மாதத்துக்குட்பட்ட கன்று குட்டிகளையும் அறுக்கக் கூடாது. ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒவ்வொன்றையும் சோதித்துச் சான்று தர வேண்டும். அவர் மணிக்கு 12-க்கு மேலும், நாளுக்கு 96-க்கு மேலும் சோதிக்கலாகாது. இந்த 96 என்ற எண் எனக்கு மிகவும் பிடித்தது. அவசரமாகப் பார்ப்பது பார்ப்பதாகாது என்பதை ஓர் எண்ணால் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெருநகரத்துக்கு வேண்டிய ஆடுகளையும் அந்த எண்ணையும் ஒப்பிட்டால் எத்தனை மருத்துவர்கள் வேண்டும் என்பது தானே விளங்கும்.

கோழியின் கதை வேறு. நம் ஊர்களில் பெரும்பாலும் அது கடையிலேயே, வாங்குபவரின் கண்முன், கூண்டிலிருந்து எடுத்து அறுக்கப்படுகிறது. 2023-இல் குஜராத்தில் சூரத் நகரக் கோழிக் கடைகள் மூடப்பட்டபோது, கோழியும் சட்டப்படி 'விலங்கு'தானா, அதையும் அறுப்பகத்துக்குத்தான் கொண்டு போக வேண்டுமா என்ற கேள்வி அம்மாநில உயர் நீதிமன்றத்தில் எழுந்தது. கேட்டவுடன் நகைப்பு வரும். விலங்கியல் வகுப்பில் இதற்கு விடை ஒரு வரி. சட்டத்திலோ அந்த ஒரு வரியில் இலட்சக்கணக்கான சிறு கடைகளின் வாழ்வு இருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் கோழியும் விலங்கின் பாற்பட்டதே என்றார். கண்முன் அறுப்பதில் ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: கோழி உயிரோடிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே மரக்கட்டை, அதே கத்தி, அதே வாளித் தண்ணீர் நாள் முழுவதும் எல்லாக் கோழிக்கும் பொது.

கை கழுவும் மனிதன்

செறுவத்தூரில் காணப்பட்ட இரண்டில் ஷிகெல்லா என்பது கோழியிலிருந்து வருவதன்று. அது மனிதக் குடலில் வாழ்வது. மனிதனின் கழிவிலிருந்து தண்ணீர் வழியாகவோ, கழுவாத கை வழியாகவோதான் அது உணவுக்கு வர முடியும். ஆகவே கோழியைத் தடை செய்தாலும், முட்டையைத் தடை செய்தாலும், ஷிகெல்லாவைத் தடுக்க முடியாது. இந்த இடத்தில்தான் சட்டம் எனக்குக் குறையுடையதாகத் தோன்றுகிறது.

உணவைக் கையாள்வோர் ஆண்டுக்கொருமுறை மருத்துவச் சோதனை செய்துகொள்ள வேண்டும், குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும், வயிற்றுப்போக்கு இருந்தால் முதலாளியிடம் சொல்லிச் சமையலறையை விட்டு விலகி இருக்க வேண்டும் என்பது விதி. விதியில் பிழையில்லை. ஆனால் அந்தப் பணியாளர் யார்? பலர் பீகார், ஒடிசா, அஸ்ஸாம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள். கடையின் மாடியிலேயே பத்துப் பேராகத் தங்கி, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துபவர்கள். சுவரில் ஒட்டியுள்ள கை கழுவும் முறை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அவர்களுள் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? வேலைக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. வயிறு சரியில்லை என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்? நோயுற்ற நாளுக்குக் கூலி கொடுத்தால் அதுவே ஓர் உணவுப் பாதுகாப்பு விதி. அதை எந்த அட்டவணையிலும் நான் காணவில்லை. 25 பணியாளருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருப்பது நல்லதே. அந்த ஒருவர் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

உணவகம் நடத்துவோரின் பக்கத்தையும் நோக்க வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் உணவகங்களுக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. உண்பவர் மகிழ்ந்தோம். ஆனால் அதோடு, அவர்கள் வாங்கும் பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை போய்விட்டது. ஒரு கடைக்காரர் நல்ல குளிர்பதனப் பெட்டி ஒன்று வாங்கினால் அதன்மேல் உள்ள வரி முழுவதும் அவர் கைப்பணம். 5 பாகைக்குக் கீழ் வை என்று ஒரு துறை சொல்கிறது. அதற்கான பெட்டிக்கு வரியைக் கொடுத்துவிட்டு மறந்துவிடு என்று மற்றொரு துறை சொல்கிறது. இரண்டு துறைகளும் ஒருநாள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும்.

பிற நாடுகளில்

இத்தகைய சாவுகளுக்குப் பின் விதியைத் திருத்திக்கொண்ட நாடுகள் உண்டு. 1993 தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்னும் உணவகத் தொடரில் மாட்டிறைச்சிப் பணியாரம் வைத்த ரொட்டி உண்டு 700 பேருக்கு மேல் நோயுற்றனர். குழந்தைகள் நால்வர் இறந்தனர். இறைச்சியை 155 பாகை பாரன்ஹீட், அதாவது சுமார் 68 செல்சியஸ், வரை வேகவைக்க வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் முன்பே விதித்திருந்தது. கடைகளிலோ 140 பாகை பாரன்ஹீட் என்னும் பழைய அளவே புழங்கியது. செல்சியஸ் கணக்கில் எட்டுப் பாகைதான் வேறுபாடு! அடுத்த ஆண்டே அந்தக் கிருமி அரைத்த மாட்டிறைச்சியில் இருப்பது கலப்படத்துக்குச் சமம் என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. அதனால் பொறுப்பு சமையற்காரனோடு நிற்காமல் இறைச்சி ஆலைக்கும் போயிற்று.

முட்டையின் கதை பிரிட்டனில் நடந்தது. 1988 டிசம்பரில் எட்வினா கரி என்னும் துணை அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டது என்று பேசிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டே வாரத்தில் அவர் பதவி விலகினார். ஆனால் பேச்சு மறைந்தாலும் கிருமி மறையவில்லையே. 1998 முதல் சிங்க முத்திரை இட்ட முட்டைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது: முட்டையிடும் கோழிகளுக்குச் சால்மோனெல்லாத் தடுப்பூசி. 2017 அக்டோபரில் அந்நாட்டு உணவுத் தர அமைப்பு, அம்முத்திரை உள்ள முட்டையைக் கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அரைவேக்காடாகவே உண்ணலாம் என்று அறிவித்தது. அவர்கள் பண்ணையில் தொடங்கிக் கிண்ணத்துக்கு வந்தார்கள். நாம் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறோம். நாமக்கல் பண்ணைகளின் அறிவும் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் திறமையும் ஒன்று சேர்ந்தால் அந்த முத்திரை இங்கும் வர முடியாததன்று. பண்ணையைத் தொடும் சட்டமே நம்மிடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மனிதருக்குக் கடைசி மருந்தாக வைத்துள்ள 'கோலிஸ்டின்' என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கோழித் தீவனத்தில் கலப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது.

உண்பவர் செய்யக்கூடியவை

உணவக ரசீதில் 14 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற கடை. 2 என்றால் பதிவு மட்டும் பெற்ற சிறு கடை. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழகத்துக்கு 24. அதை அடுத்த இரண்டு, உரிமம் பெற்ற ஆண்டு. எண்ணே இல்லாத ரசீதும், ரசீதே இல்லாத கடையும் எத்தனை என்று ஒரு மாலை நண்பர்கள் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். சமூகவியல் துறைக்கு நல்ல ஆய்வாகும். உணவில் ஐயம் எழுந்தால் வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம் என்று 40-ஆம் பிரிவு உரிமை தருகிறது. இதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம் என்பது ஐயமே.

பொட்டலம் வாங்கிச் சென்று இரவு வெகுநேரம் கழித்து உண்ணும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். கேரளத்தில் 2023 ஜனவரியில் ஒரு விதி செய்தார்கள். உணவுப் பொட்டலத்தின்மேல் தயாரித்த தேதி, நேரம், எந்த நேரத்துக்குள் உண்ண வேண்டும் ஆகியவற்றை ஒட்ட வேண்டும். ஓர் ஒட்டுத்தாளும் ஒரு பேனாவும் போதும். நம் மாநிலத்திலும் அந்த விதி வந்தால் நல்லது. அதோடு, சீவிய ஷவர்மாத் துண்டுகளைத் தட்டையான கல்லில் இன்னொருமுறை புரட்டி எடுத்த பின்னரே ரொட்டியில் வைக்க வேண்டும் என்ற முறையையும் அங்கே வகுத்திருக்கின்றனர். கடையில் நின்று, 'அண்ணே, கல்லில் ஒருமுறை போட்டுத் தாங்க' என்று கேட்பதற்கு நமக்கு எந்தச் சட்டமும் வேண்டாம்.

செறுவத்தூர் மாணவியின் தாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் சென்றார். 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், பொட்டலத்தில் தேதியும் நேரமும் எழுதும் விதியைக் கண்டிப்பாக நிறைவேற்றுமாறு அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. தாய்க்கு வழக்குச் செலவாக 25,000 ரூபாய் வழங்கச் சொன்னது. மகள் இறந்து இரண்டரை ஆண்டு ஆகியும், 65-ஆம் பிரிவு கூறும் இழப்பீட்டின் விசாரணை அப்போது முடிந்திருக்கவில்லை.